சத்திரத்துச் சோற்றின் கணக்கு

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில் மல்லூரும் ஆண்டகளூர் கேட்டும் கடந்தபின் நடத்துநர் குரல் கொடுக்கும் ஊர்களில் ஒன்று புதுச்சத்திரம். நாமக்கல் மாவட்டத்தில் அந்தப் பெயரில் ஓர் ஊராட்சி ஒன்றியமும் உண்டு. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் இன்னொரு புதுச்சத்திரம் இருக்கிறது. இப்படி ஒரே பெயர் பல இடங்களில் முளைக்கக் காரணம், அது ஓர் ஆளின் பெயரோ சாமியின் பெயரோ அல்ல என்பதுதான். அது ஒரு வசதியின் பெயர். வழிப்போக்கர் தங்கவும் உண்ணவும் கட்டடம் ஒன்று எழுந்தது. அது புதிதாக இருந்தபோது வாய்க்கு வந்த பெயர், சுண்ணாம்பு உதிர்ந்த பிறகும் ஊருக்கு நின்றுவிட்டது.

ஆண்டகளூர் கேட்டில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே பொருளியல் படிக்கும் முதலாண்டு மாணவர் ஒருவர் தினமும் இந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகத்தின் முதல் சில பக்கங்களிலேயே, விலையில்லாமல் கிடைக்கும் எதற்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்திருப்பார் என்று படித்திருப்பார். அந்த விலையைக் கொடுத்தது யார், எப்படிக் கொடுத்தார் என்பதைச் சத்திரம் என்ற சொல்லின் வழியாகவே தேடிப் போகலாம்.

தமிழில் சத்திரம் என்று எழுதும் சொல் உண்மையில் மூன்று சொற்கள். குடை என்னும் பொருளில் வருவது ஒன்று. ஆயுதத்தைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது இன்னொன்று. அறுவை மருத்துவத்தை இலங்கைத் தமிழர் இன்றும் சத்திரசிகிச்சை என்கிறார்களே, அது இதுதான். நம் ஊர்ப்பெயரில் இருப்பது மூன்றாவது: ‘சத்ர’ என்னும் வேதகாலச் சொல். உட்கார்தல் என்னும் வேரிலிருந்து பிறந்து, பல நாள் தொடர்ந்து அமர்ந்து செய்யும் நீண்ட சோம வேள்வியைக் குறித்தது. மற்ற வேள்விகளில் செய்விப்பவர் ஒருவர், செய்து தருபவர்கள் வேறு. செய்பவர்களுக்குத் தட்சிணை உண்டு. சத்ரத்திலோ அமர்ந்திருக்கும் அத்தனை பேரும் வேள்வியை நடத்துபவர்களும் ஆவார்கள், அதன் பயனுக்கு உரியவர்களும் ஆவார்கள். ஆகவே தட்சிணை கிடையாது. கூலி என்ற பேச்சே எழாத ஓர் ஏற்பாட்டின் பெயர்தான், பின்னால் காசு கேட்காமல் சோறு போடும் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

அலகாபாத் பக்கத்தில் கட்வா என்னும் இடத்துக் குப்தர் காலக் கல்வெட்டு, கி.பி. 407ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ‘சதாசத்ர’ என்று ஒன்றைச் சொல்கிறது: எப்போதும் நடக்கும் சத்திரம். அதற்குப் பத்துத் தினாரம் பொன் கொடுக்கப்பட்டிருக்கிறது. ‘சதா’ என்ற அடைமொழியில்தான் பொருளியலின் பெரிய சிக்கல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கொடுக்கிறவருக்கு ஆயுள் குறைவு, சோற்றுக்கு வரும் பசிக்கு முடிவில்லை. ஒரு தடவை கொடுத்ததை ஓயாமல் ஓடும் வருமானமாக எப்படி மாற்றுவது?

இந்தக் கேள்விக்குச் சோழர் காலத்துத் தமிழ் தந்த விடைகளைப் படிக்கும்போது எனக்குப் பெருமிதம் வராமல் இருந்ததில்லை. கோயிலில் அணையா விளக்கு எரிய ஆடுகளைக் கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் ஒரு விளக்குக்கு 96 ஆடு. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தந்த பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு சாகும், கிழடாகும், குட்டியும் போடும். ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. தேய்மானத்தை ஈடுகட்டி முதலைக் காப்பாற்று, விளைச்சலை மட்டும் செலவிடு என்று இன்று வகுப்பறையில் சொல்லிக்கொடுப்பதை, எழுதப் படிக்கத் தெரியாத மேய்ப்பருக்கும் விளங்கும்படி மூன்றே சொல்லில் பெயராக வைத்துவிட்டார்கள். காசாகக் கொடுத்தால் அதன் வட்டிக்குப் பொலிசை என்று பெயர். பொலிதல் என்றால் பெருகுதல். அதே கோயிலின் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதல் என்ற சொல்லும் இந்தக் கணக்குப் பேச்சில் ஊறியதுதான். முதலாளி, முதலீடு எல்லாம் அதன் வழிவந்தவை.

சத்திரத்துக்கும் இதே வழிதான். நிலத்தை எழுதி வைத்தார்கள். நிலத்தின் விளைச்சல் அடுப்பை எரித்தது.

சத்திரம் வருவதற்கு முன்பே தமிழில் இந்த வேலைக்கு வேறு சொற்கள் இருந்தன. அவற்றில் முக்கியமானது சாலை. இதுவும் கூடத்தைக் குறிக்கும் வடசொல்லோடு உறவுடையதே. ஆனால் அறச்சாலை, அட்டிற்சாலை என்று வெகுகாலம் இங்கே வாழ்ந்துவிட்டது. வள்ளலார் 1867இல் வடலூரில் தொடங்கிய இடத்துக்குச் சத்திரம் என்று பெயரிடவில்லை; சத்திய தருமச்சாலை என்றார். அந்தத் தேர்வு தற்செயலானது என்று என்னால் நினைக்க முடியவில்லை. சத்திரம் என்ற சொல்லில் அப்போது படிந்திருந்த கறை ஒன்று உண்டு. பல சத்திரங்களில் சாதி பார்த்துத்தான் பந்தி நடந்தது. சிலவற்றில் ஒரு சாதிக்கு மட்டுமே இலை விழுந்தது. கட்வாக் கல்வெட்டின் சத்திரமும் பிராமணர்களுக்கானதே. இல்லாதவரை வெளியே நிறுத்துவது விலையின் குணம் என்று பாடம் சொல்கிறது. விலையே இல்லாத இடத்திலும் வெளியே நிறுத்தப் பிறப்பு என்ற வேலி போதுமானதாக இருந்தது. ‘சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தையங்கார் அனுமதியா’ என்றொரு பழமொழி உண்டு. பொதுவானதை உண்ண யாரிடமும் கேட்க வேண்டாம் என்பது அதன் கருத்து. ஆனால் கேட்டும் கிடைக்காதவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, ஆங்கிலேய ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு 1801இல் எழுதிய கடிதத்தில் தம் சத்திரங்களில் எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் உணவு உண்டு என்கிறார். நோயுற்றவருக்கு மருத்துவர், அநாதைக் குழந்தைகளுக்குப் பராமரிப்பு, பிள்ளைகளுக்குப் படிப்பு என்று அவர் அடுக்கும் பட்டியல் நீளமானது. ஒரத்தநாட்டில் அவர் எழுப்பிய முத்தம்மாள் சத்திரம் இன்றும் அந்தப் பெரும் செலவைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

பொருளியல் மாணவர் இங்கே ஒரு பிழை செய்யக்கூடும்: சத்திரத்தைப் பொதுப்பண்டம் என்று எழுதிவிடுவார். பால் சாமுவேல்சன் 1954இல் தந்த வரையறைப்படி பொதுப்பண்டம் என்பது ஒருவர் நுகர்வதால் மற்றவருக்குக் குறையாதது. இலையில் விழுந்த சோறு அப்படியல்ல. நான் உண்டது உங்களுக்கு இல்லை. ஆனால் சத்திரம் இருப்பதால் அந்த வழிக்கே கிடைத்த தைரியம் வேறு வகை. மாட்டு வண்டி ஒரு நாளில் போகும் தூரம் சொற்பம். இருட்டியபின் பருத்தி மூட்டையோடு எங்கே ஒதுங்குவது என்ற பயம் தீர்ந்தால்தான் வியாபாரி மறுநாள் சந்தையை நம்பிப் புறப்படுவார். அவர் சத்திரத்தில் தங்கினாலும் தங்காவிட்டாலும், வழியில் நடமாட்டம் கூடுகிறது. விளைந்ததை வாங்க ஆள் வருகிறார். இதுதான் புறவிளைவு, அதன் நல்ல பக்கம். ஒட்டன்சத்திரம் இன்று பெரிய காய்கறிச் சந்தை. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் வழியில் சுங்குவார்சத்திரம் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர். திருச்சியில் ஒரு பேருந்து நிலையத்துக்கே பெயர் சத்திரம்.

புதுச்சத்திரம் அடங்கிய சேலம் வட்டாரம் 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனி ஆட்சி கொண்டுவந்த 1817ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குவிதி, கோயில் மானியங்களோடு பாலம், சத்திரம், சாவடிகளுக்கான மானியங்களையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. பின்னர் ரயிலும் மோட்டாரும் வந்தன. நாள் முழுக்க வண்டி ஓட்டிக் கடந்த தூரம் ஒரு மணி நேரமாகச் சுருங்கியபோது, இரவு தங்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஈகை வற்றியதால் சத்திரங்கள் மூடின என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. ஈகை கல்விக்கும் மருத்துவமனைக்கும் இடம் மாறியது. வழியில்தான் தேவை தீர்ந்தது.

சொல் மட்டும் வேலை தேடிக்கொண்டது. கல்யாணச் சத்திரம் என்றால் இன்று நாள் வாடகைக்குப் பேசி, முன்பணம் கட்டிப் பிடிக்கும் இடம். தட்சிணையே இல்லாத வேள்வியின் பெயர், முகூர்த்த நாளில் கிராக்கி கூடி வாடகை ஏறும் கட்டடத்துக்கு வந்திருக்கிறது. அதன் கூட்டாளிச் சொல்லான சாவடியும் அப்படியே. சத்திரம் சாவடி என்று இணைத்தே சொல்லும் அளவுக்கு வழிப்போக்கருக்கு நெருக்கமான அந்தச் சொல், இன்று நாம் தினமும் கேட்கும் சுங்கச்சாவடியில் வாழ்கிறது. புதுச்சத்திரம் நிற்கும் பழைய 7ஆம் எண் நெடுஞ்சாலை, இப்போது 44ஆம் எண், சுங்கச்சாவடிகளின் சாலைதான். வண்டியின் எடைக்கேற்பச் சுங்கம் வாங்கி அது போகும் சாலையைப் பராமரிப்பது நியாயம் என்று ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதினார். பயன்படுத்துகிறவர் கட்டட்டும் என்பது அந்த வாதம்.

பயன்படுத்துகிறவர் யார் என்பதில்தான் கணக்கு நீள்கிறது. நாமக்கல் பண்ணைகளின் முட்டை லாரியில் ஏறுகிறது. சாவடியில் ஓட்டுநர் கட்டுவது லாரிக்காரர் பணம். அதில் ஒரு பங்கை அவர் வாடகையில் ஏற்றுவார், இன்னொரு பங்கு முட்டை விலையில் ஏறும். எவ்வளவு ஏறும் என்பது விலை கூடினால் வாங்குபவர் எந்த அளவுக்குப் பின்வாங்குவார் என்பதைப் பொறுத்தது. அந்த முட்டைகளில் ஒரு பகுதியை அரசு சத்துணவுக்கு வாங்குகிறது. பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டில் பிள்ளை காசு கொடுக்காமல் உரித்துத் தின்னும் முட்டையில் சுங்கச்சாவடியின் கட்டணமும் சேர்ந்திருக்கிறது. அதைக் கட்டியிருப்பது, தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கொடுக்கும் அந்தப் பிள்ளையின் வீட்டார் உட்பட நாம் எல்லோரும்.