பைபாஸ்

ஒலிக்கருவியில் பைபாஸ் போட்டால் ஒலி நிற்பதில்லை. ஒலியின் மேல் நடக்கும் வேலை மட்டும் நிற்கிறது. ஒலியையே நிறுத்துவது மியூட். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

பை என்றால் பக்கம், பாஸ் என்றால் கடந்துபோதல். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எரிவாயுக் குழாய்களின் பக்கவழிக்கு வழங்கிய பெயர், பிறகு சாலைக்கும் இதய அறுவைக்கும் வந்தது. தமிழில் ‘புறவழி’ என்ற அழகான சொல் சாலையோடு நின்றுவிட்டது. மிக்ஸருக்கும் அது பொருந்தும். ஹைதராபாத்தின் 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையில் விஜயவாடா லாரி ஊருக்குள் நுழையாமலே மும்பைச் சாலையைப் பிடிப்பதுபோல, சிக்னல் ஈக்வலைசருக்குள் நுழையாமல் வெளியேறுகிறது.

சிக்னல் போகும் வழியை அறிய விளக்குகளைப் படிக்க வேண்டும். முதலில் நெட்வொர்க் விளக்கு. ஹைதராபாத்தின் மாதாப்பூரில் உள்ள ஹெச்.ஐ.சி.சி. போன்ற பெரிய மாநாட்டு அரங்குகளின் காலத்தில், ஒலி நெட்வொர்க் கேபிளில் ஓடத் தொடங்கிவிட்டது. 2006இல் சிட்னியில் தொடங்கிய ஆடினேட் நிறுவனத்தின் ‘டான்டே’ இதில் பரவலான முறை. போர்ட்டில் விளக்கு எரிந்தால் இணைப்பு இருக்கிறது, மின்னினால் தரவு போய்வருகிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். மைக்கில் பேசியது வந்து சேர்ந்ததா என்பதற்கு சிக்னல் விளக்கைத்தான் பார்க்க வேண்டும்.

பைபாஸ் விளக்கில்தான் கவனம் தேவை. ரேக் கருவியில் ‘பைபாஸ்’ என்று எழுதிய விளக்கு எரிந்தால் வேலை தவிர்க்கப்படுகிறது. கிட்டார் பெடலிலோ விளக்கு எரிந்தால் எஃபெக்ட் இயங்குகிறது என்று பொருள். ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரைப் பைபாஸில் விட்டுவிட்டு வால்யூமை ஏற்றினால் முதலில் கருகக்கூடியது ட்வீட்டரின் காயில்.