நாடிழந்த அரச குடும்பங்களின் சிறுவர்

யாழ்ப்பாண அரசர் எதிர்மன்னசிங்கம் 1617-ல் இறந்தபோது, அரியணைக்கு உரிய மகனுக்கு வயது 3. எதிர்மன்னசிங்கத்தை 1591-ல் அரசராக்கியவர்கள் போர்த்துக்கீசியர். குழந்தை வளரும்வரை ஆட்சியைக் கவனிக்க வேண்டியவர் அரசகேசரி. தமிழில் இரகுவம்சம் பாடியவர் இவரே என்பர். அவரையும் அரச குடும்பத்தார் பலரையும் கொன்று, சங்கிலி குமாரன் ஆட்சியைப் பிடித்தார். 1619-ல் பிலிப் தெ ஒலிவேரா படையுடன் வந்து சங்கிலியைச் சிறைப்பிடித்தார். கோவாவில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அரச குடும்பத்தில் எஞ்சியோரும் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆண்களும் பெண்களும் துறவற சபைகளில் சேரும்படி தூண்டப்பட்டனர்; பெரும்பாலோர் இணங்கினர். துறவிகளுக்கு வாரிசு கிடையாது. ஆகவே யாழ்ப்பாண அரியணையை உரிமை கோர யாரும் மிஞ்சமாட்டார்கள். இதுவே போர்த்துக்கீசியரின் கணக்கு. நம் திருச்சபை வரலாறு என்பதற்காக இதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. 16 வயது நிறையாதவர் கொடுக்கும் துறவற வார்த்தைப்பாடு செல்லாது என்றும், பெண்ணை வற்புறுத்தி மடத்தில் சேர்ப்பவர் சபைக்குப் புறம்பாவார் என்றும் திரெந்து பொதுச்சங்கம் 1563-லேயே விதித்திருந்தது. வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ நவதுறவில் சேர்வது செல்லாது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் (எண் 643) கூறுகிறது.

அதே காலத்தில் அயர்லாந்தில் இதே வேலையை ஆங்கிலேயர் எதிர்த்திசையில் செய்தனர். ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட கத்தோலிக்கக் கோமகன் ஹியூ ஓநீல், 1607 செப்டம்பரில் ரத்மல்லன் துறையில் கப்பலேறி நாட்டைவிட்டு வெளியேறினார். வளர்ப்புப் பெற்றோரிடம் இருந்த கான் என்ற சிறு மகனைத் தேடி அழைத்துவர நேரமில்லை. ஆங்கில அரசு அவனைப் பிடித்து, புரொட்டஸ்டன்டாக வளர்க்க ஈட்டன் பள்ளிக்கு அனுப்பியது. 1622-ல் லண்டன் கோபுரச் சிறைக்கு மாற்றியது.

உடன் சென்ற குழந்தை பிரையன். பெற்றோர் உரோமைக்குப் போக, அவன் லூவேனில் ஐரிஷ் பிரான்சிஸ்கன் துறவிகளின் பராமரிப்பில் விடப்பட்டான். கிளாவரை போன்ற மலையூர்களிலிருந்து பிள்ளையைக் கீழே விடுதியில் சேர்த்துவிட்டு மலையேறும் பெற்றோருக்கு இந்தப் பிரிவு ஓரளவு புரியும். ஆனால் அவர்களுடைய பிள்ளை விடுமுறைக்கு வந்துவிடும். ஓநீல் 1616-ல் உரோமையில் இறந்தார். பிரையன் பிரசெல்சில் ஆல்பெர்ட் கோமகனின் அரண்மனையில் பணிச்சிறுவனாக இருந்தான். 1617 ஆகஸ்டில், கைகள் கட்டப்பட்ட நிலையில், தூக்கில் தொங்கக் காணப்பட்டான். அப்போது அவனுக்கு ஏறத்தாழ 13 வயது.