இயற்கை நிலை (அரசியல் மெய்யியல்)

இயற்கை நிலை என்பது அரசும் சட்டமும் நீதிமன்றமும் இல்லாத சூழலில் மனிதர் எவ்வாறு வாழ்வர் என்பதை ஆராய அரசியல் மெய்யியலாளர்கள் பயன்படுத்தும் ஒரு கருத்துரு ஆகும். அரசு ஏன் தேவை, அதன் கட்டளைக்கு மக்கள் ஏன் பணிய வேண்டும், எந்த எல்லைக்கு மேல் பணியத் தேவையில்லை ஆகிய கேள்விகளுக்கு விடை தேடும் சமூக ஒப்பந்தக் கோட்பாட்டின் தொடக்கப் புள்ளி இதுவே. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் தாமஸ் ஹாப்ஸ், ஜான் லாக், ழான் ஜாக் ரூசோ ஆகியோர் இதனை விரிவாகக் கையாண்டனர்.

மனிதன் இயல்பில் நல்லவனா, தீயவனா என்ற விவாதமாகவே இக்கருத்துரு பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகிறது. ஆனால் மூல நூல்களில் மையமாக இருப்பது வேறொரு சிக்கலாகும். இருவருக்கிடையே பிணக்கு எழும்போது தீர்ப்புச் சொல்பவர் யார், அத்தீர்ப்பை நிறைவேற்றுபவர் யார், அந்த அதிகாரத்தைப் பெற்றவரே தவறினால் அவரைத் தடுப்பவர் யார் என்பதே அச்சிக்கல்.

பண்டைய கருத்துகள்

ஆட்சியற்ற நிலை பற்றிய சிந்தனை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. பண்டைய இந்திய நூல்கள் இதனை 'மத்சய நியாயம்', அதாவது மீன் நீதி என்று அழைத்தன. தண்டிக்கும் ஆற்றல் இல்லாத இடத்தில் பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவதுபோல் வலியோர் எளியோரை விழுங்குவர் என்பது இதன் பொருள். மீன் நீதியால் துன்புற்ற மக்கள் மனுவை அரசனாக ஏற்று, தானியத்தில் ஆறில் ஒரு பங்கும் வணிகப் பொருளில் பத்தில் ஒரு பங்கும் அளித்தனர் என்ற கதை அர்த்தசாத்திரத்தில் வருகிறது. அங்கு இக்கதையைச் சொல்பவர்கள் அரசனின் ஒற்றர்கள் என்பது கவனிக்கத்தக்கது. மக்களிடையே அரசன் மீது எழும் குறைகூறலை அடக்க, பொது இடங்களில் அவர்கள் பேச வேண்டிய வாதமாகவே அது தரப்பட்டுள்ளது.

பாளி மொழியில் அமைந்த தீக நிகாயத்தின் அக்கஞ்ஞ சுத்தம் இதே கருத்தை வேறு விதமாக விளக்குகிறது. மனிதர் நெல்லைச் சேமிக்கத் தொடங்கியதும் நிலத்துக்கு எல்லை வகுக்கப்பட்டது. எல்லை வந்ததும் திருட்டும் பொய்யும் அடிதடியும் தோன்றின. தவறு செய்வோரைக் கண்டிக்கத் தங்களுள் தகுதியான ஒருவரை மக்கள் தேர்ந்தெடுத்து, அவருக்கு நெல்லில் ஒரு பங்கு அளித்தனர். மக்கள் பலராலும் தேர்ந்தெடுக்கப்பட்டதால் அவர் மகாசம்மதர் எனப்பட்டார்.

திருக்குறளின் பொருட்பால் 'இறைமாட்சி' அதிகாரத்துடன் தொடங்குகிறது. அதே பாலில் 'செங்கோன்மை' (அதிகாரம் 55), 'கொடுங்கோன்மை' (அதிகாரம் 56) ஆகியன அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. ஆட்சியின் தேவையும் ஆட்சியால் விளையக்கூடிய தீங்கும் அங்கு ஒருசேர எண்ணப்பட்டுள்ளன.

தாமஸ் ஹாப்ஸ்

பின்னணி

தாமஸ் ஹாப்ஸ் (1588–1679) இங்கிலாந்தின் மாம்ஸ்பரி நகருக்கு அருகில் பிறந்தார். கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீசின் நூலை இவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1629இல் வெளியிட்டார். கொர்கிரா தீவின் உள்நாட்டுப் போரில் உறவும் சட்டமும் சொற்களின் பொருளும்கூடச் சிதைந்ததை அந்நூல் விவரிக்கிறது. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையிலான பிணக்கு முற்றிய 1640இல் ஹாப்ஸ் பாரிசுக்குச் சென்று, ஏறத்தாழ 11 ஆண்டுகள் அங்கு வாழ்ந்தார். இங்கிலாந்தில் 1642இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1649 ஜனவரி 30 அன்று மன்னர் முதலாம் சார்லசு தலை துண்டிக்கப்பட்டார். இச்சூழலில் எழுதப்பட்ட லெவியாதன் 1651இல் வெளிவந்தது. யோபு நூலில் வரும் மாபெரும் கடல் விலங்கின் பெயரே இதன் தலைப்பு. தமிழ் விவிலியத்தில் இது லிவியாதான் என வழங்கும்.

போருக்கான காரணங்கள்

மனிதர் அனைவரும் பிறவியிலேயே கொடியவர்கள் என்று ஹாப்ஸ் கூறவில்லை. மனிதர் ஏறத்தாழச் சமமானவர்கள் என்பதிலிருந்தே அவரது வாதம் தொடங்குகிறது. உடல் வலிமை குறைந்தவரும் சூழ்ச்சியாலோ பிறருடன் கூட்டுச் சேர்ந்தோ வலியவரைக் கொல்ல இயலும். எனவே எவரும் முழுப் பாதுகாப்பு உடையவர் அல்லர். இந்நிலையில் பிணக்குக்கு மூன்று காரணங்கள் உள்ளன:

* போட்டி – ஒரே பொருளை இருவர் விரும்புதல்
* நம்பிக்கையின்மை – அடுத்தவர் தாக்குவாரோ என அஞ்சி முந்திக்கொண்டு தாக்குதல்
* புகழ் நாட்டம் – மதிப்புக் குறைவைப் பொறுக்க இயலாமை

இவற்றுள் இரண்டாவதே அவரது வாதத்தின் ஆணிவேர் எனலாம். அமைதியை விரும்பும் ஒருவரும், அடுத்தவர் அமைதியை விரும்புகிறார் என உறுதியாக அறிய வழியில்லாததால் ஆயுதம் ஏந்துகிறார். தொடர்ந்து சண்டை நடப்பது மட்டுமே போர் ஆகாது. எப்போது வேண்டுமானாலும் சண்டை மூளலாம் என்ற நிலையும் போரே. அந்நிலையில் பலன் தமக்குக் கிடைக்கும் என்ற உறுதி இல்லாததால் எவரும் பயிரிடமாட்டார். கடல் வணிகமும் கட்டடக் கலையும் கல்வியும் வளரமாட்டா. இதனை மறுப்போருக்கு ஹாப்ஸ் அன்றாட வாழ்விலிருந்து சான்று காட்டுகிறார். சட்டமும் காவலும் உள்ள நாட்டிலேயே மக்கள் இரவில் கதவைத் தாழிடுகின்றனர். வீட்டினுள் பெட்டியையும் பூட்டி வைக்கின்றனர்.

தீர்வு

தம்மைத் தாமே ஆளும் உரிமையை அனைவரும் ஒருசேர விட்டுக்கொடுத்து, ஒரு மனிதரிடமோ ஓர் அவையிடமோ ஒப்படைப்பதே ஹாப்சின் தீர்வு. இந்த இறைமை பிரிக்க இயலாதது. எனினும் தன் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமையை எவரும் விட்டுக்கொடுக்க இயலாது என்றும், ஆட்சியாளர் பாதுகாப்பு அளிக்க வல்லவராக இருக்கும் வரை மட்டுமே பணியும் கடமை நீடிக்கும் என்றும் அவர் எழுதினார். ஆக்சுபோர்டு பல்கலைக்கழகம் 1683இல் லெவியாதனைக் கண்டித்து எரிக்க ஆணையிட்டது.

ஜான் லாக்

ஜான் லாக் (1632–1704) 1689இல் வெளியிட்ட 'அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்' நூலில் இயற்கை நிலையைப் போர் நிலையிலிருந்து வேறுபடுத்தினார். இயற்கை நிலையிலும் பிறர் உயிருக்கும் உடைமைக்கும் தீங்கு செய்யக்கூடாது என்ற இயற்கைச் சட்டம் உண்டு. அதனைப் பகுத்தறிவால் அறியலாம். ஆனால் அந்நிலையில் மூன்று குறைகள் உள்ளன: அனைவரும் ஏற்ற எழுதப்பட்ட சட்டம் இல்லை, நடுநிலையான நீதிபதி இல்லை, தீர்ப்பை நிறைவேற்றும் ஆற்றல் இல்லை. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகும் எவரும் தன்பக்கம் சாய்வர். இக்குறைகளை நீக்கவே அரசு தேவை.

எல்லையற்ற அதிகாரம் உடைய மன்னர் மக்களுடன் கொண்ட வழக்கில் தாமே நீதிபதியாகிறார். எனவே அவர் மக்களைப் பொறுத்தவரை இன்னும் இயற்கை நிலையிலேயே இருக்கிறார் என லாக் வாதிட்டார். நம்பிக்கையை மீறிய ஆட்சியை மக்கள் அகற்றலாம் என்ற அவரது முடிவு இதிலிருந்து பிறந்தது.

ரூசோ

ரூசோ (1712–1778) 1755இல் வெளியிட்ட சமத்துவமின்மை பற்றிய உரையில், முன்னோர் இருவரும் நாகரிக மனிதனின் குணங்களை ஆதி மனிதன் மீது ஏற்றிவிட்டனர் என்று குற்றஞ்சாட்டினார். பேராசையும் பகட்டும் பழிவாங்கலும் சமூகத்தில் வாழ்வதால் வருபவை. ஆதி மனிதனிடம் தன்னைக் காக்கும் உணர்வும் பிற உயிர் துன்புறுவதைக் கண்டு இரங்கும் உணர்வும் மட்டுமே இருந்தன. நிலத்தை வேலியிட்டு உரிமை கொண்டாடிய பின்னரே ஏற்றத்தாழ்வும் சண்டையும் பெருகின. உடைமையுள்ளோர் தம் உடைமையைக் காக்க, பொதுநலம் என்ற பெயரில் ஏழைகளையும் இணங்கச் செய்து உருவாக்கியதே அரசு என்றார். ஆயினும் பழைய நிலைக்குத் திரும்ப இயலாது என்பதை அவர் ஏற்றார். 1762இல் வெளிவந்த 'சமூக ஒப்பந்தம்' நியாயமான அரசு எப்படி அமையலாம் என்பதை ஆராய்கிறது.

ஹியூமின் மறுப்பு

டேவிட் ஹியூம் 1748இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் ஒப்பந்தக் கோட்பாட்டையே மறுத்தார். வரலாறு அறிந்த அரசுகளுள் பெரும்பாலானவை படையெடுப்பாலோ ஆட்சிப் பறிப்பாலோ தோன்றியவை. மக்களின் ஒப்புதலை எவரும் கேட்கவில்லை. அரசு இன்றிச் சமூகம் நிலைக்காது என்ற பயனே பணிதலுக்குப் போதிய காரணம். கற்பனையான வாக்குறுதி தேவையில்லை என்றார் அவர்.

வரலாற்றிலிருந்து சான்றுகள்

இயற்கை நிலை ஒரு சிந்தனைச் சோதனையே. எனினும் மைய ஆட்சி இல்லாத அல்லது குலைந்த பல சூழல்கள் பதிவாகியுள்ளன. அவை எல்லாம் ஒரே திசையைக் காட்டவில்லை.

* ஐஸ்லாந்து: 930இல் ஆல்திங் என்ற பொது அவை நிறுவப்பட்டது. சட்டமும் நீதிமன்றமும் இருந்தன; ஆனால் மன்னரோ தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரியோ இல்லை. வென்றவரே தீர்ப்பை நிறைவேற்ற வேண்டும். இம்முறை நூற்றாண்டுகள் நீடித்தது. பின்னர் அதிகாரம் சில குடும்பங்களிடம் குவிந்து, 13ஆம் நூற்றாண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1262–64 காலத்தில் ஐஸ்லாந்தர் நோர்வே மன்னரின் ஆட்சியை ஏற்றனர்.
* நூவர் மக்கள்: தென் சூடானின் நூவர் மக்களிடையே ஆட்சியாளர் இல்லாமலே ஒழுங்கு நிலவியதை மானிடவியலாளர் எவன்சு பிரிச்சார்டு 1940இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். கொலை நிகழ்ந்தால் சிறுத்தைத் தோல் அணிந்த சமயத் தலைவர் இரு தரப்புக்கும் இடையே நின்று, மாடுகளை ஈடாகப் பெற்றுத் தந்தார். அவருக்குக் கட்டளையிடும் அதிகாரம் இல்லை.
* மொண்ட்ரியால்: கனடாவின் இந்நகரில் 1969 அக்டோபர் 7 அன்று காவலர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஒரே நாளில் வங்கிகள் கொள்ளையடிக்கப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன. படை வரவழைக்கப்பட்டது.
* அட்டா தீவு: வில்லியம் கோல்டிங் 1954இல் எழுதிய புதினத்தில், ஆளற்ற தீவில் சிக்கிய சிறுவர்கள் கொலை வரை செல்கின்றனர். 1965இல் தொங்கா நாட்டு மாணவர் அறுவர் உண்மையாகவே அட்டா தீவில் சிக்கினர். ஏறத்தாழ 15 மாதங்கள் வேலைகளை முறைவைத்துப் பகிர்ந்து, அறுவரும் உயிருடன் மீண்டனர். சண்டையிட்டவர்கள் சினம் தணியும்வரை விலகியிருக்க வேண்டும் என்பது அவர்களது விதி. அவர்கள் முன்பே ஒருவரையொருவர் அறிந்த அறுவர் என்பதால் இதனைப் பெருஞ்சமூகத்துக்கு அப்படியே பொருத்த இயலாது.
* சோமாலியா: 1991 ஜனவரியில் சியாட் பரே ஆட்சி வீழ்ந்தபின் தலைநகர் மொகடிசு போர்க்களமானது. அதே ஆண்டு மே மாதம் தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்திலோ, குலப் பெரியோர் 1993இல் போராமா நகரில் மாதக்கணக்கில் கூடிப் பேசி ஓர் ஆட்சி அமைப்பை உருவாக்கினர். ஹியூம் அரிது எனக் கருதிய ஒப்பந்தத்துக்கு இது ஓரளவு நெருங்கிய எடுத்துக்காட்டாகும்.

சிறிய அளவில் பொதுச் சொத்துகளை மக்களே ஆள இயலும் என்பதை எலினோர் ஒஸ்ட்ரோம் 1990இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். சுவிட்சர்லாந்தின் மேய்ச்சல் நிலங்கள், ஸ்பெயினின் பாசன வாய்க்கால்கள் முதலியவற்றை அவர் ஆராய்ந்தார். அங்கும் எல்லை, கண்காணிப்பு, படிப்படியான தண்டனை, எளிதில் அணுகக்கூடிய தீர்ப்பிடம் ஆகியன இருந்தன. அரசு இல்லாவிடினும் விதியும் நடுவரும் தேவைப்பட்டனர் என்பதையே இது காட்டுகிறது. இவருக்கு 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆட்டக் கோட்பாடு

ஹாப்சின் நம்பிக்கையின்மை வாதம் 'கைதியின் குழப்பம்' என்ற கணித மாதிரியுடன் ஒப்பிடப்படுகிறது. இருவரும் ஒத்துழைத்தால் இருவருக்கும் நன்மை. ஆயினும் அடுத்தவர் எதைச் செய்தாலும் ஏமாற்றுவதே தனிப்பட்ட முறையில் இலாபம். இந்த ஆட்டம் திரும்பத் திரும்ப ஆடப்பட்டால் முடிவு மாறுகிறது. ராபர்ட் ஆக்செல்ராடு கணினி நிரல்களுக்கிடையே போட்டி நடத்தினார். முதலில் ஒத்துழைத்து, பின்னர் எதிராளி முன்பு செய்ததையே திருப்பிச் செய்யும் மிக எளிய நிரலே வென்றது. இதனை அவர் 1984இல் நூலாக வெளியிட்டார். மீண்டும் சந்திக்க நேரும் அண்டை வீட்டாரிடையே தானாக ஒத்துழைப்பு வளரலாம் என்பதும், முன்பின் அறியாதோர் பலர் வாழும் நகரில் அது கடினம் என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

அரசே அச்சுறுத்தலாகும் நிலை

அரசு இல்லாமையின் தீங்கைவிட அரசின் தீங்கு சிறியது என்ற ஹாப்சின் கணிப்பு 20ஆம் நூற்றாண்டில் கடும் கேள்விக்கு உள்ளானது. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூச் ஆட்சியில் 15 முதல் 20 இலட்சம் பேர் வரை இறந்தனர் என மதிப்பிடப்படுகிறது. அங்கு இல்லாமல் போனது ஆட்சி அன்று. ஆட்சியைத் தடுக்கக்கூடிய நீதிமன்றமும் செய்தித்தாளும் தேர்தலுமே. அதிகாரப் பிரிவினை, அடிப்படை உரிமைகள், குறித்த காலத் தேர்தல் ஆகியன லாக் எழுப்பிய கேள்விக்கு இன்றைய அரசியலமைப்புகள் தரும் விடைகளாகும்.

நாடுகளுக்கிடையே

மன்னர்கள் ஒருவரையொருவர் நோக்கி எப்போதும் ஆயுதம் ஏந்தி நிற்கின்றனர் என்பதை இயற்கை நிலைக்கு எடுத்துக்காட்டாக ஹாப்சே குறிப்பிட்டார். 1945இல் ஐக்கிய நாடுகள் அவை உருவான பின்னரும் நாடுகளுக்கு மேல் தீர்ப்பை நிறைவேற்றும் பொது ஆற்றல் இல்லை. பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்கள் தமக்கு எதிரான தீர்மானத்தைத் தாமே தடுக்க இயலும். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாதல் என்ற சிக்கல் தனிமனிதரிடையே பெருமளவு தீர்க்கப்பட்டும், நாடுகளிடையே இன்னும் தீர்க்கப்படவில்லை.

இவற்றையும் பார்க்க

* சமூக ஒப்பந்தம்
* இறைமை
* அரசின்மை
* அதிகாரப் பிரிவினை
* அர்த்தசாத்திரம்