இன்சுலின் சொல்லும் குத்தகைக் கதை



மருந்து நிறுவனங்கள் ஆராய்ச்சியையே வெளியாருக்குக் குத்தகைக்கு விடுகின்றனவே, இது முறையா என்பதுதான் நம் கலந்துரையாடலில் எழுந்த கேள்வி. ஏதோ நேற்று முளைத்த பழக்கம் போல் இதனைப் பலரும் பேசுகிறார்கள். ஆனால் நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக் கதவில், முட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் இன்சுலின் புட்டியின் வரலாறு வேறு விதமாக இருக்கிறது.

1921-இல் கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழகத்தில், மெக்லியோட் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் பேண்டிங், பெஸ்ட் இருவரும் இன்சுலினைக் கண்டுபிடித்தனர். காலிப் அதனைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குப் போடப்பட்ட முதல் ஊசி சரிவரவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துப் போட்ட மருந்தே அவன் உயிரைக் காத்தது. காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திடமே ஒப்படைத்தார்கள். ஒரே ஒரு டாலர்!

சிக்கல் அந்த ஊசியின் வெற்றிக்குப் பிறகுதான் தொடங்கியது. மருந்தை அதிக அளவில் தயாரிக்க முயன்றபோது காலிப்புக்கே கைகூடவில்லை. வெளியே நோயாளிகள் காத்திருந்தனர். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்த குளோஸ், முந்திய டிசம்பரிலேயே நியூ ஹேவன் மாநாட்டுக்குச் சென்று டொரொண்டோ குழுவின் உரையைக் கேட்டிருந்தார். 1922 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. லில்லிக்குக் கிடைத்த தனியுரிமை ஓராண்டுக்கு மட்டுமே. அதன் பின் பிறருக்கும் உரிமம் வழங்கும் அதிகாரத்தைப் பல்கலைக்கழகம் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. லில்லியின் வால்டன் என்ற இரசாயனவியலாளர், அமிலத் தன்மையைச் சரியான அளவில் நிறுத்தி இன்சுலினை வீழ்படிவாகப் பிரிக்கும் வழியைக் கண்டார். கண்டுபிடிப்பு ஒருவருடையது, பெருமளவில் தயாரிக்கும் திறன் மற்றவருடையது.

ஆனாலும் எட்டு அவுன்ஸ் இன்சுலினுக்கு ஏறக்குறைய இரண்டு டன் பன்றிக் கணையம் தேவைப்பட்டது. பன்றி, மாடு இரண்டிலிருந்தும் மருந்து எடுக்கப்பட்ட காலம் அது. இனிப்பு நீர் உள்ள முஸ்லிம் அன்பர்களுக்கும் நம்மவர்களுக்கும் அது எத்தகைய தர்மசங்கடம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1978-இல் லில்லி மீண்டும் வெளியாரை நாடியது. அப்போது ஜெனென்டெக் தொடங்கி இரண்டே ஆண்டுகள்தான். மனித இன்சுலின் மரபணுவை அந்நிறுவனத்தாரும் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனை அறிஞர்களும் இரசாயன முறையில் செயற்கையாகவே கட்டி, கிருமிக்குள் புகுத்தினர். இயற்கை மரபணுவுக்கு அமெரிக்காவில் அன்று கடுமையான கட்டுப்பாடு. அதில் சிக்கிய ஹார்வர்ட் குழு இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் வரை போய்ச் சோதனை செய்து, கடைசியில் எலியின் மரபணுவோடு திரும்பியது! ஆகஸ்டு மாதத்தில் ஜெனென்டெக் வெற்றி கண்ட சில நாட்களிலேயே லில்லி ஒப்பந்தம் செய்துகொண்டது. 1982-இல் அந்த மருந்துக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

2001-இல் லில்லி இன்னொரு படி மேலே போனது. தீராத அறிவியல் சிக்கல்களை இணையத்தில் போட்டு, தீர்ப்பவருக்குப் பரிசு தரும் இன்னோசென்டிவ் என்ற அமைப்பை உருவாக்கியது.

சரி, இதனால் நோயாளிக்கு என்ன கிடைத்தது? இங்கேதான் எனக்கு மனம் உறுத்துகிறது. ஒரு டாலருக்கு உரிமை கைமாறிய மருந்தின் வழியில் வந்த ஹியூமலாக், 1996-இல் அமெரிக்காவில் புட்டி 21 டாலருக்கு வந்தது. 2017 வாக்கில் அதன் பட்டியல் விலை சுமார் 275 டாலர். பலத்த கண்டனத்துக்குப் பிறகு 2023-இல்தான் லில்லி 70 விழுக்காடு விலைக் குறைப்பை அறிவித்தது. ஆராய்ச்சி வெளியே போனதைக் குறை சொல்ல மாட்டேன். டொரொண்டோ ஒப்பந்தத்தில் இருந்த அந்த ஓராண்டு வரம்பைப் பிற்காலத்தார் மறந்துவிட்டார்கள் என்பதே என் ஆதங்கம்.

குத்தகை ஆய்வுக்கூடத்துக்கு ஆயுள் உத்தரவாதமும் கிடையாது. லில்லி சிங்கப்பூரில் 2002-இல் தொடங்கிய ஆய்வு மையத்தை 2010-இல் மூடிவிட்டது. அதே வேளையில் ஜோகூர் இஸ்கண்டார் புத்ரியில், பெங்களூரின் பயோகோன் நிறுவனம் ஓர் இன்சுலின் ஆலையை எழுப்பியது. கனடாவில் பிறந்த மருந்து நம் ஜோகூரிலேயே புட்டியில் அடைக்கப்படுகிறது.