ஊசிமுனைத் துளையின் வரலாறு

மோட்டார் கார்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேகத்தையும் வடிவத்தையும் பற்றியே எழுதுகின்றனர். எஞ்சினுக்குள் பெற்றோல் எவ்வாறு சென்றது என்பதைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஆயினும், ஓர் ஊசிமுனை அளவேயான துளையின் வழியே எரிபொருளைச் சரியான அளவில், சரியான வேளையில் செலுத்துவதற்கு மனிதன் பட்ட பாடு, போர்க்களத்தையும் பந்தயத் திடலையும் சூழல் சட்டங்களையும் ஒருங்கே தொட்டுச் செல்லும் ஒரு வரலாறாகும்.

தொடக்ககாலக் கார்களில் இந்த வேலையைச் செய்தது காபரேற்றர். ஒடுங்கிய குழாயினூடே காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அக்குறைவு, பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்திலிருந்து பெற்றோலை உறிஞ்சி எடுக்கிறது. கிண்ணத்தில் பெற்றோலின் மட்டத்தைக் காப்பது ஒரு மிதவை. மிக எளிமையான ஏற்பாடு. ஆனால் மிதவை புவியீர்ப்பை நம்பி வாழ்வது. நிலத்தில் ஓடும் காருக்கு இது பெரிய குறையன்று. ஆகாயத்தில் பறக்கும் போர்விமானத்திற்கோ அது உயிர்ப் பிரச்சினை.

1940ஆம் ஆண்டு பிரித்தானிய வான்பரப்பில் நடந்த சமரில் இது வெளிப்பட்டது. ஸ்பிற்பயர், ஹரிக்கேன் ஆகிய விமானங்களில் இருந்த ரோல்ஸ் ரொய்ஸ் மேர்லின் எஞ்சின்கள் எஸ்.யு. காபரேற்றரைக் கொண்டவை. எதிரே வந்த ஜேர்மன் மெஸ்ஸர்ஸ்மிற் 109 விமானத்தில் இருந்த டைம்லர் பென்ஸ் டி.பி. 601 எஞ்சினுக்குள் எரிபொருள் நேரடியாகவே செலுத்தப்பட்டது. துரத்தப்படும் ஜேர்மன் விமானி விமானத்தின் மூக்கைச் சட்டென்று கீழே அழுத்திப் பாய்ந்துவிடுவார். பின்தொடரும் பிரித்தானிய விமானி அதையே செய்தால், கிண்ணத்துப் பெற்றோல் மேல்நோக்கி எழும்பி எஞ்சின் திக்குமுக்காடும். ஆகவே அவர் விமானத்தைப் பாதி புரட்டிய பின்னரே கீழே பாயவேண்டியிருந்தது. அந்தச் சில விநாடிகளில் எதிரி தப்பினான். சில வேளைகளில் துரத்தியவனே இரையானான்.

இதற்குத் தற்காலிகத் தீர்வு கண்டவர் ஒரு பெண். பான்பரோவிலிருந்த அரச விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பியற்றிஸ் ஷில்லிங், புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 100 மைலுக்கு மேலான வேகத்தில் சுற்றி வந்தவர். எரிபொருள் வரும் வழியில் பொருத்தக்கூடிய, அளவறிந்து துளையிட்ட ஒரு சிறிய உலோகத் துண்டை அவர் வடிவமைத்தார். எஞ்சின் முழு வலுவில் இயங்கும்போது தேவைப்படும் அளவுக்கு மேல் பெற்றோல் பாயாதபடி அது தடுத்தது. விமானங்களைச் சேவையிலிருந்து நீண்ட நாட்கள் விலக்கிவைக்க அவசியம் இருக்கவில்லை. 1941இன் தொடக்க மாதங்களில் ஷில்லிங்கும் குழுவினரும் விமானத் தளங்கள் தோறும் சென்று அதைப் பொருத்தினர். நோய் முற்றாகக் குணமாகவில்லை. ஆனால் உயிராபத்து நீங்கியது.

போர் முடிந்தது. தோற்ற நாட்டின் பொறியியலாளர்கள் விமானத்தில் கற்றதைக் காருக்குக் கொண்டுவந்தனர். 1950களின் தொடக்கத்தில் குட்பிறொட், கோலியாத் என்னும் இரு சிறிய ஜேர்மன் கார்களில் பொஷ் நிறுவனத்தின் நேரடி எரிபொருள் செலுத்தம் தலைகாட்டியது. குட்பிறொட்டில் அப்பணியைச் செய்த ஹான்ஸ் ஷெரன்பேர்க் பின்னர் டைம்லர் பென்ஸில் சேர்ந்தார். 1954 பெப்ரவரியில் நியூயோர்க் கண்காட்சியில் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். அறிமுகமானது. கடற்பறவை சிறகு விரித்தாற்போல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகளே படங்களில் இடம்பிடித்தன. அதன் உண்மையான புதுமையோ மூடியின் கீழ் இருந்தது: 3 லீற்றர், ஆறு சிலிண்டர் எஞ்சின், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்பியிலிருந்து தனித்தனியே பெற்றோல். இதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த 1952ஆம் ஆண்டுப் பந்தயக் கார் காபரேற்றருடன் சுமார் 175 குதிரைவலு தந்தது. வீதிக்கு வந்த 300 எஸ்.எல். தந்ததோ 215.

அதற்கும் ஒரு விலை இருந்தது. எஞ்சினை நிறுத்திய பின்னரும், அது சுழன்று ஓயும்வரை பம்பி பெற்றோலைத் தள்ளிக்கொண்டேயிருந்தது. எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவர்களின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, கீழேயுள்ள எண்ணெயுடன் கலந்தது. குறுந்தூரம் மட்டும் ஓட்டிய உரிமையாளர்கள் எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 1957இல் செவ்ரலே கோர்வெற் காரில் இயந்திர முறையிலான செலுத்தம் வந்தது. அதே காலத்தில் பென்டிக்ஸ் நிறுவனம் மின்னணுவால் இயங்கும் செலுத்தத்தை உருவாக்கியது. 1958ஆம் ஆண்டுக் கிறைஸ்லர் கார்கள் சிலவற்றில் அது பொருத்தப்பட்டது. ஆனால் அக்காலத்து மின்னணு உறுப்புகள் எஞ்சினின் வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கவில்லை. விற்ற கார்களில் பெரும்பாலானவற்றிற்கு மீண்டும் காபரேற்றரே பூட்டப்பட்டது. கருத்து சரியானது, காலம் பிந்தவில்லை, முந்திவிட்டது. அதன் காப்புரிமைகள் பொஷ் கைக்குச் சென்றன.

1967இல் பொஷ் தனது டி ஜெற்றோனிக் முறையை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் அமெரிக்காவுக்கு அனுப்பியது. இம்முறை உந்துதல் தந்தது பந்தயமன்று, புகை. அமெரிக்காவின் புதிய காற்று மாசுச் சட்டங்களுக்கு அடங்கி நடக்கக் காபரேற்றர் திணறியது. 1974இல் எஞ்சினுக்குள் செல்லும் காற்றை அளந்து பெற்றோலைத் தீர்மானிக்கும் எல் ஜெற்றோனிக் வந்தது. யப்பானின் டட்சன் நிறுவனம், எஸ்.யு. வகை இரட்டைக் காபரேற்றர்களோடு புகழ்பெற்ற தன் 240 இசற் காரின் வழித்தோன்றலான 280 இசற்றில் 1975ஆம் ஆண்டு அதையே பயன்படுத்தியது. மேர்லினில் எஸ்.யு. சந்தித்த அதே எதிராளி, முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் வேறொரு களத்தில் வென்றது எனலாம்.

இந்தத் தலைமுறைக் கார்களே இன்று பழைய ஸ்போர்ட்ஸ் கார்களாக உலகெங்கும் பேணப்படுகின்றன. அவற்றின் இன்ஜெக்டர் என்பது சிறுவிரல் அளவான ஒரு மின்காந்த வால்வு. உள்ளே ஒரு சுருள், ஒரு வில், ஒரு ஊசி. காரின் ரயரிலுள்ள காற்றழுத்தத்திற்கு ஏறத்தாழச் சமமான 2.5 பார் அழுத்தத்தில் பெற்றோல் வாசலில் காத்துநிற்கும். மின் துடிப்பு வந்ததும் ஊசி மயிரிழையளவு பின்வாங்கும். சில மில்லி செக்கன்களுக்குப் பெற்றோல் கூம்பு வடிவத் தூவானமாய்ப் பாயும். எஞ்சின் நிமிடத்திற்கு 6000 தடவை சுழன்றால், 280 இசற்றின் ஒவ்வோர் இன்ஜெக்டரும் செக்கனுக்கு 100 தடவை திறந்து மூடும்.

இதற்கு எதிரி அழுக்கு. அதுவும் ஓடும்போதன்றி, நிறுத்திய பிறகே பெரிதும் சேர்கிறது. சூடான எஞ்சினை அணைத்ததும் ஊசிமுனையில் எஞ்சிய பெற்றோல் வெந்து அரக்காகப் படிகிறது. 1980களில் இது அமெரிக்காவில் பெரும் முறைப்பாடாகி, 1995 ஜனவரி முதல் அங்கு விற்கப்படும் பெற்றோல் அனைத்திலும் படிவைத் தடுக்கும் சேர்மானம் கட்டாயமாக்கப்பட்டது. வருடக்கணக்கில் கொட்டகையில் நின்ற காரிலோ, பழைய பெற்றோலின் பிசினும் தாங்கியின் துருவும் சேர்ந்துகொள்கின்றன.

துளை பாதி அடைத்தால் என்ன? ஆறு சிலிண்டரில் ஒன்று மட்டும் பட்டினி கிடக்கும். பெற்றோல் குறைந்து காற்று மிகுந்த கலவையில், பாரத்தோடு ஓடும்போது வெப்பம் ஏறிப் பிஸ்டனையே உருக்கிவிடக்கூடும். வெளியே கேட்பது சிறு தடுமாற்றம் மட்டுமே.

கழற்றிச் சுத்தம் செய்வது பொறுமைக்குரிய வேலை. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் குழாயிலுள்ள அழுத்தத்தை இறக்கி, பற்றரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். மின் இணைப்புகளின் பிளாஸ்ரிக் இத்தனை ஆண்டு வெப்பத்தில் பிஸ்கற் போல நொறுங்கும். அவற்றைப் பிடித்திருக்கும் கம்பிக் கவ்விகள் எகிறிப் பறக்கும். திருகாணிகளின் தலை சிதையாதிருக்க, துரு இளக்கும் எண்ணெயை முந்திய நாளே விடுவது நல்லது. கழற்றிய துவாரங்களைத் துணியால் அடைக்காவிட்டால் சிறு கல்லொன்று எஞ்சினுக்குள் விழப் போதும். எந்த இன்ஜெக்டர் எந்தச் சிலிண்டருக்குரியது என்று குறித்துவைத்தால், பிறகு நோயின் மூலம் தெரியும்.

சுத்தம் செய்யும் பட்டறையில் அவற்றை நுண்ணொலி அதிரும் திரவத்தில் இட்டு, திறந்து மூடவைப்பர். முன்னும் பின்னும் அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழாய்களில் ஒவ்வொன்றின் பாய்ச்சலையும் ஒப்பிடுவர். ஆறும் சமமாகப் பாய்கின்றனவா என்பதே அங்கு பார்க்கப்படுவது. வீட்டில் 12 வோல்ற் பற்றரியை நேரே கொடுத்துத் திறக்க முனைவோர், இந்தப் பழைய இன்ஜெக்டர்களின் குறைந்த தடைகொண்ட சுருளை எரித்துவிடுவர். காரில் அவற்றுக்கு முன்னால் தனித் தடைகள் இருப்பது அதனாலேயே.

மீளப் பொருத்தும்போது பழைய றப்பரை மீண்டும் பயன்படுத்துவது சிக்கனமன்று, அபாயம். 280 இசற்றின் இன்ஜெக்டர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சிறு றப்பர்க் குழாய் உண்டு. அதற்குக் கீழேயே வெளிக்கழிவுக் குழாயின் தகிக்கும் இரும்பு. எதனோல் கலந்த இன்றைய பெற்றோல் பழைய றப்பரை மேலும் கெடுக்கிறது. ஒரு வெடிப்பில் கசியும் பெற்றோல் ஒரு காரை முழுதாகக் கொளுத்தப் போதுமானது. ஆகவே எல்லாம் பூட்டிய பின், எஞ்சினைத் தொடங்குமுன் பம்பியை மட்டும் இயக்கி, ஒவ்வோர் இணைப்பையும் விளக்கொளியில் பார்த்தே ஆகவேண்டும்.

நம்மவர்க்கும் இவ்விடயத்தில் ஓர் அனுபவம் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அற்றுப்போன யாழ்ப்பாணத்தில், ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அமுக்கம் குறைந்த எஞ்சினும், திருகாணி ஒன்றால் திருத்தக்கூடிய காபரேற்றருமே அதைச் சாத்தியமாக்கின. அந்த இளக்காரத்தை இன்ஜெக்டர் இலகுவில் தராது. காபரேற்றர் மன்னிக்கும் குணமுடையது. இன்ஜெக்டர் துல்லியத்தைத் தந்து துப்புரவைக் கேட்பது.

அதனாலேயே இன்றும் சிலர், தடுமாறும் பழைய ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து இன்ஜெக்டர்களைப் பிடுங்கி வீசிவிட்டுக் காபரேற்றர் பூட்டுகின்றனர். 1958இன் கிறைஸ்லர் உரிமையாளருக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றுள்ளவருக்கு ஒரு நாள் உழைப்பும் ஒரு தொகுதிப் புதிய றப்பரும் போதும். பழுதானது பொறியன்று, அதன் வாயில் படிந்த அழுக்கு. அதைப் பிரித்தறியாமல் எறிபவர் ஒரு உதிரிப்பாகத்தோடு, அதை அங்கே கொண்டுவந்து சேர்த்த முப்பத்தைந்து ஆண்டு உழைப்பையும் சேர்த்தே எறிகிறார்.