கடன்பட்டவனின் வாசலில்



சில ஆண்டுகளுக்கு முன், நான் ஊழியம் செய்த ஒரு சபையில், ஞாயிறுதோறும் தவறாமல் ஆராதனைக்கு வரும் சகோதரர் ஒருவர் திடீரென்று வராமற்போனார். உடல்நலக் குறைவாயிருக்கும் என்று எண்ணி இருந்துவிட்டேன். இரண்டு மாதங்கள் கழித்தே அவர் வீட்டுக்குப் போனேன். மகளின் திருமணத்துக்காகச் சபையாரில் ஒருவரிடம் கைமாற்றாக வாங்கிய தொகையைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுக்க அவரால் இயலவில்லை. கொடுத்தவரோ ஆலயத்தில் அவருக்கு மூன்று வரிசை முன்னால் அமர்பவர். "அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு எப்படி ஐயா ஜெபிப்பது?" என்று கேட்டார்.

கடனைப் பற்றி அதுவரை நான் பலமுறை பிரசங்கித்திருந்தேன். கடன் வாங்காதீர்கள் என்றே ஒவ்வொரு முறையும் சொல்லியிருந்தேன். வாங்கிவிட்ட ஒருவர் எங்கே போய் நிற்பது என்று ஒருமுறையும் சொன்னதில்லை. அந்தக் குறையை உணர்ந்த பின்னரே, கடனைக் குறித்து தேவனுடைய ஜனங்கள் காலந்தோறும் என்ன நினைத்தார்கள், என்ன செய்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அதில் ஒரு பகுதியை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது வேதத்தைப் பாருங்கள். கடன் வாங்கியவன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் எச்சரிப்பதை நாம் அறிவோம். வாங்கிவிட்டுச் செலுத்தாமற்போவது துன்மார்க்கனின் செயல் என்று சங்கீதக்காரனும் சொல்லுகிறான். ஆனால் நியாயப்பிரமாணத்தைக் கவனமாக வாசித்தால், கடனைப் பற்றிய கட்டளைகளில் பெரும்பாலானவை கொடுத்தவனை நோக்கியே பேசுவதைக் காண்பீர்கள். உபாகமம் 24ஆம் அதிகாரத்தின்படி, திரிகைக் கல்லை அடகாக வாங்கலாகாது. அது ஒரு குடும்பத்தின் அன்றாட உணவையே பறிப்பதாகும். ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால், சூரியன் மறையுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடகுப் பொருளைப் பெறக் கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையவும் கூடாது. வெளியே நிற்க வேண்டும். அவன்தான் அதை எடுத்து வந்து கொடுப்பான்.

இந்தக் கடைசிக் கட்டளையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கடனை வசூலிக்கும் உரிமை இங்கே மறுக்கப்படவில்லை. ஆயினும் அந்த உரிமை வாசற்படியோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால், மனைவி மக்களின் முன்னிலையில், கடன்பட்டவன் இன்னமும் வீட்டின் தலைவன்.

இது வெறும் சட்டமாக நின்றுவிடவில்லை என்பதற்கு நெகேமியா 5ஆம் அதிகாரம் சாட்சி. எருசலேமின் அலங்கம் கட்டப்படும் நாட்களில் பஞ்சம் வந்தது. ஜனங்கள் வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் வீடுகளையும் அடகு வைத்துத் தானியம் வாங்கினார்கள். ராஜாவுக்குத் தீர்வை செலுத்தவும் கடன் வாங்கினார்கள். முடிவில் பிள்ளைகளையே அடிமைகளாக ஒப்புக்கொடுக்கும் நிலை வந்தது. அவர்களுடைய கூக்குரலைக் கேட்ட நெகேமியா கடும் கோபம் கொண்டு பெரிய சபையைக் கூட்டினான். வட்டி வாங்கிய பிரபுக்களைக் கண்டித்த அவன், தானும் தன் சகோதரரும் தன் வேலைக்காரரும்கூடக் கடன் கொடுத்திருப்பதை அந்தச் சபையிலேயே ஒப்புக்கொண்டான். நிலங்களும் வீடுகளும் அன்றே திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும் என்றான். தன்னை விலக்கி வைத்துக்கொண்டு அவன் பேசவில்லை. ஆகையால்தான் அவன் சொல் எடுபட்டது.

பிற்காலத்துக் கிறிஸ்தவ நாடுகள் இதை எப்போதும் நினைவில் வைத்திருக்கவில்லை. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டிலும் கடனைச் செலுத்தாதவர்களைச் சிறையில் அடைத்தார்கள். 1824இல் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை, ஒரு ரொட்டிக் கடைக்காரருக்குச் செலுத்த வேண்டிய ஏறத்தாழ 40 பவுண்டுக்காக லண்டனின் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். 12 வயதுச் சிறுவனான சார்லஸ், காலணி மை தயாரிக்கும் ஆலையில் வேலைக்குச் சென்றான். உழைத்துக் கடனை அடைக்க வேண்டியவரைப் பூட்டி வைத்து, உழைக்கக் கூடாத வயதினனை வேலைக்கு அனுப்பிய விந்தை அது. 1869ஆம் ஆண்டுச் சட்டம்தான் அங்கே கடனுக்காகச் சிறையிடும் வழக்கத்தைப் பெருமளவு ஒழித்தது. அந்தத் தேசத்தின் ஆலயங்களிலும் ஞாயிறுதோறும் கர்த்தர் கற்பித்த ஜெபம் ஏறெடுக்கப்பட்டது. மத்தேயு சுவிசேஷத்தில் அந்த ஜெபம் பாவத்தைக் கடன் என்றே அழைக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இப்போது உங்களை ஜெர்மனியின் வெஸ்டர்வால்ட் மலைநாட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் 1818இல் ஹாம் என்ற சிற்றூரில், ஒன்பது பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக் கல்விக்கு அப்பால் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அந்த ஊர்ப் போதகரே. படையில் சேர்ந்த அவரைக் கண்நோய் வெளியே அனுப்பியது. 1845இல் வையர்புஷ் என்ற வட்டாரத்துக்கு அவர் ஊர்த் தலைவரானார். அடுத்த ஆண்டே விளைச்சல் பொய்த்தது. 1846-47 குளிர்காலத்தில் பசி ஊர்களைச் சூழ்ந்தது. கையில் காசில்லாத மனிதர் எங்கே போவார்கள்? ரைஃபைசன் வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டி ஒரு ரொட்டிச் சங்கத்தைத் தொடங்கினார். தானியம் வாங்கி, ஊர்ப் பொதுவில் அடுப்பு அமைத்து, சந்தை விலையைவிட மலிவாக ரொட்டி கொடுத்தார். காசில்லாதவர்களுக்குக் கடன் சீட்டின் பேரில் கொடுத்தார். பட்டினி கிடக்கும் மனிதனிடம் கடன் வாங்காதே என்று அவர் போதிக்கவில்லை.

பின்பு பிளாமர்ஸ்ஃபெல்ட் என்ற இடத்தில் பொறுப்பேற்றபோது வேறொரு துன்பத்தைக் கண்டார். ஏழை உழவர்கள் கறவை மாட்டையும் உழவு மாட்டையும் கடும் வட்டிக்கு வாங்கி, வட்டியைக் கட்ட முடியாமல் மாட்டையும் நிலத்தையும் இழந்துகொண்டிருந்தார்கள். 1849இல் அங்கே வசதியுள்ள சுமார் 60 பேரைச் சேர்த்து ஓர் உதவிச் சங்கத்தை அமைத்தார். சங்கம் மாட்டை வாங்கிக் கொடுத்தது. உழவர் ஐந்தாண்டுத் தவணையில் விலையைச் செலுத்தினார். 1854இல் ஹெடஸ்டோர்ஃபில் தொடங்கிய சங்கமோ இன்னும் விரிந்தது. கவனிப்பாரற்ற பிள்ளைகளையும் சிறையிலிருந்து விடுதலையானவர்களையும் அது பராமரிக்க முனைந்தது.

ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, கொடுக்கும் செல்வந்தர்களின் ஆர்வம் தணிந்தது. இங்கேதான் ரைஃபைசனின் சிந்தை மாறியது. ஈகை நல்லதே, ஆயினும் கொடுப்பவர் என்றும் மேலேயும் வாங்குபவர் என்றும் கீழேயும் இருக்கும் அமைப்பு நிலைக்காது என்று அவர் கண்டார். 1864இல் ஹெடஸ்டோர்ஃப் சங்கத்தைக் கடன் சங்கமாக மாற்றினார். கடன் தேவைப்படுகிறவர்களே இனி அதன் உறுப்பினர்கள். ஒருவரையொருவர் அறிந்திருக்கும் அளவுக்கு ஊர் எல்லை சிறியதாக இருக்க வேண்டும். கணக்கரைத் தவிர நிர்வாகிகள் யாருக்கும் ஊதியம் இல்லை. லாபம் பங்கிடப்படாமல் பொது இருப்பில் சேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கத்தின் கடனுக்கு ஒவ்வொரு உறுப்பினரும் தம் சொத்து முழுவதையும் கொண்டு பொறுப்பு. ஒருவர் விழுந்தால் அந்தப் பாரம் எல்லோர் மேலும் விழும்.

வேதம் அறிந்த உங்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழக்கூடும். பிறனுக்காகப் பிணைப்படாதே என்று நீதிமொழிகள் எச்சரிக்கவில்லையா? எச்சரிக்கிறது. அறியாத மனிதனுக்காக, அளவறியாத கடனுக்கு, தனியனாய்க் கையடித்துக் கொடுக்கிறவனைக் குறித்த எச்சரிக்கை அது என்று நான் புரிந்துகொள்கிறேன். வேதத்தில் மறுபக்கமும் உண்டு. ஒநேசிமு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளும்படி பவுல் பிலேமோனுக்குத் தன் கைப்பட எழுதினார். பவுல் ஒநேசிமுவை அறிந்திருந்தார். அவனுக்காகத் தன்னைப் பொறுப்பாக்கினார். ரைஃபைசனின் சங்கமும் அத்தகைய பிணையைத்தான் கேட்டது. ஆகவே கடன் கேட்டு வந்தவரிடம் அது வினவிற்று: பணம் எதற்கு? எப்படித் திருப்பிச் செலுத்துவாய்? உனக்காக நிற்பவர் யார்?

கண்பார்வை ஏறக்குறைய மங்கிப்போன நிலையில், தாயை இழந்த மகள் அமாலியாவின் துணையோடு, தம் அனுபவத்தை அவர் நூலாக்கி 1866இல் வெளியிட்டார். 1888இல் அவர் மரித்தார். அவருடைய முறை கடல் கடந்து நம் மாகாணத்துக்கும் வந்தது. உழவர்களுக்குக் கடன் வழங்கும் வங்கிகளை இங்கே ஏற்படுத்த இயலுமா என்று ஆராயுமாறு, பிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியைச் சென்னை மாகாண அரசு பணித்தது. அவருடைய அறிக்கை 1895இலும் 1897இலும் இரண்டு தொகுதிகளாக வந்தது. ரைஃபைசனைப் போன்ற ஒருவர் இங்கும் எழ வேண்டும் என்பதே அவர் கண்ட முடிவின் சாரம். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய கட்டடத்தைக் கடந்து செல்லும்போது, அதன் வேர் ஒரு பஞ்ச காலத்து ரொட்டி அடுப்பில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரியமானவர்களே, இந்த வரலாறு நம்மை எங்கே நிறுத்துகிறது?

நம் நாளில் கடன் வாங்குவது மிக எளிதாகிவிட்டது. கைப்பேசியில் சில தொடுதல்களில் பணம் வருகிறது. எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மாதத் தவணை எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறோம். மொத்தம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. பால் கறக்கும் மாட்டுக்காக வாங்கிய கடனை மாடே அடைக்க உதவும். ஒருநாள் விருந்துக்காக வாங்கிய கடனை மனிதன் பல ஆண்டுகள் தன் உழைப்பால் அடைக்க வேண்டும். இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

குழுக் கடனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவருக்கொருவர் பொறுப்பு என்ற அதே கோட்பாட்டில்தான் இன்று நம் சகோதரிகள் பலர் குழுவாகக் கடன் வாங்குகிறார்கள். அதனால் எழுந்து நின்ற குடும்பங்களை நான் அறிவேன். ஆனால் பணம் கொடுப்பவர் எங்கோ தொலைவில் இருக்க, குழு வசூலுக்கு மட்டும் பயன்படும்போது, அந்தப் பிணைப்பு ஒரு சகோதரியின் வாசலில் மற்றவர்கள் கூடி நின்று சத்தமிடுவதில் முடிகிறது. தாங்குவதற்கென்று உண்டான கட்டு அங்கே தள்ளுவதற்குப் பயன்படுகிறது. வாசலுக்கு வெளியே நில் என்ற கட்டளையை அங்கே நினைத்துப் பாருங்கள்.

அந்தச் சகோதரரின் மகளுடைய திருமண விருந்தில் நானும் உண்டேன். ஏற்பாடுகள் சிறப்பாயிருந்தன என்று பலர் முன்னிலையில் பாராட்டவும் செய்தேன். அப்படிப் பாராட்டுவோம் என்று அவர் அறிந்திருந்ததால்தான் கடன் வாங்கினார். நெகேமியா தன்னையும் சேர்த்துச் சொன்னதை வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பந்தி என் நினைவுக்கு வருகிறது. நம் வீட்டுத் திருமணம் எளிமையாக நடந்தால் சபை என்ன சொல்லும் என்ற பயம் நம்மில் ஒருவருக்கும் இல்லாதபடி செய்வது, கடனுக்கு எதிராக நூறு பிரசங்கங்களைவிடப் பயனுள்ளது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கொடுத்தவரிடம் நாங்கள் இருவரும் போனோம். அவருக்கும் அந்தப் பணம் தேவையாகவே இருந்தது. மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த தொகை அது. அவர் கோபத்தில் நியாயமிருந்தது. நெடுநேரம் பேசிய பின், மாதந்தோறும் செலுத்தக்கூடிய ஒரு சிறு தொகையைத் தாளில் எழுதி மூவரும் கையொப்பமிட்டோம். முதல் தவணை கொடுத்த வாரமே சகோதரர் ஆலயத்துக்கு வந்தார். கடன் முழுவதும் தீர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின.

இந்த வாரம் உங்களிடம் நான் கேட்பது இவ்வளவே. கடன்பட்டிருக்கிறவர்களே, ஒளிந்துகொள்ளாதிருங்கள், எவ்வளவு, யாருக்கு என்று ஒரு தாளில் எழுதி, நம்பத்தக்க ஒருவரிடம் காட்டுங்கள். கொடுத்திருக்கிறவர்களே, உங்கள் பணத்தைக் கேளுங்கள். வாசலில் நின்று கேளுங்கள். இரண்டுமில்லாதவர்களே, உங்கள் வரிசையில் காலியாயிருக்கும் இருக்கையைக் கவனியுங்கள். நான் காத்திருந்ததுபோல இரண்டு மாதம் காத்திராதேயுங்கள்.

ஆண்டவரே, எங்கள் கடனை மன்னித்தவர் நீர். எங்கள் சகோதரனின் வாசலில் எப்படி நிற்பது என்று எங்களுக்குக் கற்றுத் தாரும். ஆமென்.