ஓர் ஊரே ஆய்வுக்கூடம்

1945 ஏப்ரல் 12ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசுவெல்ட் மூளையில் ஏற்பட்ட குருதிக் கசிவினால் மாண்டார். அப்போது அவருடைய குருதி அழுத்தம் 300 மில்லிமீட்டர் பாதரசத்தையும் தாண்டியிருந்தது. இந்த எண்ணின் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாதரசத்தின் ஒப்படர்த்தி 13.6. ஆகவே 300 மில்லிமீட்டர் பாதரசம் என்பது ஏறத்தாழ 4 மீட்டர் உயர நீர்த்தம்பத்திற்குச் சமம். நலமுடன் இருப்பவருக்கு இதயம் சுருங்கும்போது உண்டாகும் அழுத்தமோ சுமார் 120 மில்லிமீட்டர், அதாவது 1.6 மீட்டர் நீர்தான்.

இறப்பதற்கு ஓராண்டு முன்பே, 1944 மார்ச்சில், ஹோவர்ட் புரூன் என்ற இளம் இதய மருத்துவர் ரூசுவெல்ட்டின் அழுத்தத்தை அளந்து 186/108 எனக் குறித்திருந்தார். ஆயினும் அதைக் குறைக்கத் தக்க நல்ல மருந்துகள் அன்று இல்லை. குறைக்கத்தான் வேண்டுமா என்பதிலேயே மருத்துவ உலகிற்குத் தெளிவில்லை. வயது ஏற ஏறக் குழாய்கள் தடித்துக் குறுகுகின்றன. அவற்றின் வழியே குருதியைச் செலுத்த அழுத்தம் கூடுவது தேவைதானே என்று பலர் கருதினர். பாய்சொய் சமன்பாட்டைப் படித்த மாணவருக்கும் இது நியாயமாகவே தோன்றும். குழாயின் ஆரம் குறைந்தால் அதே ஓட்டத்திற்குக் கூடுதல் அழுத்தம் வேண்டுமல்லவா? ஏரணம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கூடுதல் அழுத்தம் உடலை என்ன செய்கிறது என்பதை எவரும் முறையாக அளந்து பார்க்கவில்லை.

1948இல் அடுத்த தலைவர் ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதே ஆண்டு, பாஸ்டன் நகருக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், 28,000 பேர் வாழ்ந்த பிராமிங்காம் என்ற ஊரில் அளவீடு தொடங்கியது. 1917இல் தொடங்கிய ஒரு காசநோய் ஆய்விலும் அவ்வூரார் பங்கேற்றிருந்தனர். எனவே இத்தகைய முயற்சி அவர்களுக்குப் புதிதன்று.

ஆய்வின் முறைதான் இங்கு முக்கியம். மாரடைப்பு வந்தவரிடம் போய், "முன்பு என்ன உண்டீர்கள், எப்படி வாழ்ந்தீர்கள்?" என்று கேட்டால் உண்மை முழுதும் கிடைக்காது. முதல் தாக்குதலிலேயே இறந்தவர்கள் பதில் சொல்ல வரமாட்டார்கள். யங் குணகச் சோதனையில் எடையை ஏற்றுவதற்கு முன்பே முதல் அளவைக் குறித்துக்கொள்கிறோம் அல்லவா? பிராமிங்காமிலும் அப்படியே, இதய நோய் தோன்றும் முன்பே மக்களைப் பதிவு செய்தனர். 30 முதல் 62 வயது வரையுள்ள 5,209 பேர் சேர்ந்தனர். அவர்களுள் 2,873 பேர் பெண்கள்; இதய நோயை ஆண்களின் நோயாகவே எண்ணிய காலத்தில் இது பெரிய செய்தி. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அனைவரையும் சோதித்துவிட்டுக் காத்திருந்தனர். ஆம், காத்திருப்பதுதான் இந்தச் சோதனையின் கடினமான பகுதி!

1961இல் தாமஸ் டாபர், வில்லியம் கன்னல் ஆகியோரின் குழு ஆறாண்டு முடிவுகளை வெளியிட்டது. குருதி அழுத்தமும் கொலஸ்டிராலும் மிகுந்தவர்களை இதய நோய் அதிகமாகத் தாக்குவது அதில் புலப்பட்டது. "ஆபத்துக் காரணி" என்று இன்று மருத்துவர் ஒவ்வொருவரும் சொல்லும் கருத்து பரவியது இதன் பின்னர்தான்.

ஆனால் ஒரே மனிதரிடம் பல காரணிகள் சேர்ந்திருந்தால் எதற்கு எவ்வளவு பங்கு? இதற்கு விடை தேடியவர் ஜெரோம் கார்ன்பீல்டு என்ற புள்ளியியலார். பல காரணிகளை ஒன்றாக இணைத்து, நோய் வரும் நிகழ்தகவைக் கணிக்கும் கணித முறையைப் பிராமிங்காம் எண்களைக் கொண்டே அவர் உருவாக்கினார். கல்லூரியில் அவர் பட்டம் பெற்ற பாடம் வரலாறு என்பதைக் கலைப்பிரிவு மாணவர்கள் கவனிக்க!

1960களின் இறுதியில், இருபது ஆண்டு போதும், இனிப் பணம் இல்லை என்றது அரசு. அப்போது பாஸ்டன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றிருந்த டாபர் தனியாரிடம் நிதி திரட்டி ஆய்வைக் காப்பாற்றினார். 1971 முதல் அப்பல்கலைக்கழகம் அரசுடன் சேர்ந்து இதை நடத்தி வருகிறது. நின்றிருந்தால் எதை இழந்திருப்போம்? அதே 1971இல் முதல் தலைமுறையின் பிள்ளைகளும் அவர்களின் துணைவர்களுமாக 5,124 பேரும், 2002 முதல் பேரப்பிள்ளைகள் தலைமுறையில் 4,095 பேரும் சேர்க்கப்பட்டனர். மூன்று தலைமுறைகளின் பதிவுகள் கையில் இருப்பதால், நோய் குடும்பவழி வருவதா, பழக்கத்தால் வருவதா என்ற கேள்வியைப் பிரித்துப் பார்க்க முடிகிறது.

குறையும் உண்டு. முதலில் சேர்ந்தவர் ஏறக்குறைய அனைவரும் வெள்ளையர். 1994இல்தான் பிற இனத்தார் தனிக் குழுவாகச் சேர்க்கப்பட்டனர். பிராமிங்காம் சூத்திரத்தை அப்படியே சீன மக்களுக்குப் பயன்படுத்தியபோது அது ஆபத்தை மிகைப்படுத்திக் காட்டியது. ஓரிடத்தில் வரைந்த அளவுகோலை வேறிடத்தில் திருத்தாமல் பயன்படுத்தலாகாது என்பது இயற்பியல் மாணவருக்குத் தெரிந்ததுதான்.

இந்த எண்கள் இன்று பாஸ்டனில் பூட்டி வைக்கப்பட்டிருக்கவில்லை. பெயரும் அடையாளமும் நீக்கிய பதிவுகளை, முறைப்படி விண்ணப்பிக்கும் பிற நாட்டு ஆய்வாளரும் பெறலாம். அவற்றைப் படிக்க மருத்துவப் பட்டம் மட்டும் போதாது. புள்ளியியலும் கணிப்பொறியும் கற்றவர்களுக்கும் அங்கே நிறைய வேலை இருக்கிறது.